சோளத் தோகை அடைத்த மணி

நேற்று உன் மனைவி மா கின் யாங்கோனில், தாகேதாவில் இருக்கும் என் கடைக்கு வந்திருந்தாள். நீ கண்ணை மூடிய பிறகு இப்போதுதான் அவளைப் பார்க்கிறேன். பையிலிருந்து ஒரு மரமணியை எடுத்து மேசைமேல் வைத்து, என்னிடம் சேர்க்கச் சொல்லியிருந்தாய் என்று பர்மியத்தில் சொன்னாள். என் செவலைக் காளையின் கழுத்து மணி. உள்ளே திணித்த சோளத் தோகை அப்படியே இருந்தது.

மக்வேயின் வறண்ட மேட்டில், உன் அம்மா வழி நிலத்தில், நாம் மாடு வளர்த்த காலம் நினைவுக்கு வருகிறது. கோடை முழுக்க அந்த ஒற்றைக் குளம்தான். அதற்கு இலந்தை முள்வேலி போட்டு, முறை வைத்தவன் நீ. மாட்டை உள்ளே விடக் கூடாது. முறை வந்தவர் வாளியில் மொண்டு வெளியே தொட்டியில் ஊற்ற வேண்டும். உன்னைக் குளத்தைக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை என்று கேலி செய்வேன்.

அந்தக் கடைசிக் கோடையில் அடியில்தான் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. மறுநாள் உன் முறை. என் மாடுகள் நாக்குத் தள்ளி நின்றன. ஊரே வெயிலுக்குப் பயந்து படுத்திருந்த உச்சிப்பொழுதில், மணிகளுக்குள் தோகையை அடைத்துச் சத்தமில்லாமல் ஓட்டிப்போய் முள்ளை விலக்கினேன். மொண்டு ஊற்றத்தான் நினைத்தேன். மாடுகள் என்னைத் தள்ளிக்கொண்டு இறங்கிவிட்டன. கொஞ்ச நேரத்தில் குளம் வெறும் சேறு. செவலையின் மணி எங்கோ அறுந்து விழுந்திருந்தது. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

மறுநாள் நீ மந்தையை ஆற்றுக்கு ஓட்டினாய். பாதி வழியில் உன் சினைப்பசு விழுந்தது. எழவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, குளத்தைக் கலக்கியது எவன் மாடோ என்று வாய் கூசாமல் நான் திட்டினேன்.

"மாட்டத் திட்டாத. அதுக்கு முறை தெரியுமா?" என்றாய்.

அப்போதே மணி உன்னிடம் இருந்திருக்கிறது.

அங்கே இருக்க முடியாமல் யாங்கோன் வந்து டீக்கடை போட்டேன். வருடந்தோறும் விளக்குத் திருநாளுக்கு நீ போன் செய்வாய். எடுத்ததும், "அங்க தண்ணி இருக்கா?" என்று கேட்பாய். இங்கே கேட்காமலே வாசலுக்கு வந்துவிடுகிறது என்று சிரிப்பேன். நீ உடனே போனை வைக்க மாட்டாய். நானே உண்மையைச் சொல்வதற்காகத்தான் காத்திருந்தாய் என்று இப்போது தோன்றுகிறது.

மணியைக் கடைக் கதவில் மாட்டியிருக்கிறேன். தோகையை எடுக்க மனம் வரவில்லை. காற்றில் ஆடுகிறது, சத்தம் வருவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்க்கிறேன்.

நேற்றுக் கிளம்பும்போது, உள்ளே ஏன் தோகை அடைத்திருக்கிறது என்று மா கின் கேட்டாள்.

தெரியாது என்று சொன்னேன்.