எட்டு போடும்போது பேசக்கூடாது

4.8.2025, திங்கள்
மாடியில் குடியிருக்கும் அன்பரசி வந்தாள். தனியார் பள்ளியில் டிரில் டீச்சர். சக்கர ஸ்கேட்டிங் சொல்லித்தர ஒரு தேர்வு எழுத வேண்டுமாம் – எழுத அல்ல, ஓட. தேறினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் பள்ளி வேறு ஆள் பார்க்கும். நடுவர்கள் நேரில் வரமாட்டார்கள். வீடியோ அனுப்பினால் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். நம் புளி குடோனின் சிமென்ட் தரையில் எடுக்கலாமா என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் காலமானதிலிருந்து குடோன் சும்மாதான் கிடக்கிறது. சரி என்றேன். படத்தையும் நானே எடுக்கிறேன் என்றேன். எழுபத்து நான்கு வயதிலும் என் கை நடுங்குவதில்லை.

6.8.2025, புதன்
சாக்பீஸால் இரண்டு வட்டங்கள், எட்டு மாதிரி ஒட்டி. அந்தக் கோட்டின் மேலேயே ஒற்றைக் காலில் போய்வர வேண்டும். படத்தை வெட்டி ஒட்டக் கூடாது; கால் எப்போதும் தெரிய வேண்டும்; யார் குரலும் கேட்கக் கூடாது. வீட்டு வேலைக்கு வரும் ராமக்காள் எட்டிப் பார்த்து, "ஏம்மா, லைசென்ஸு வாங்கவா இந்தப் புள்ள எட்டு போடுது?" என்றாள்.

மூன்று முறை எடுத்தேன். "மூஞ்சி கல்யாண ஆல்பம் மாதிரி வந்திருக்குங்க ஆன்ட்டி. காலைத்தான் காணோம்" என்று அன்பரசி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

8.8.2025, வெள்ளி
இந்த ராமக்காளை என்ன செய்வது! நாங்கள் போவதற்குள் ஷூ சக்கரங்களுக்குச் சூடம் காட்டி, அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியிருக்கிறாள். "சக்கரம் வெச்ச எதுக்கும் இது பண்ணணுங்கம்மா. டிராக்டருக்குப் பண்ணலீங்களா?"

தரை பிசுபிசுத்தது. அன்பரசி முட்டியில் அடிபட விழுந்தாள். துடைத்ததில் கோடும் அழிந்தது. ஒரு நாள் வீண்.

9.8.2025, சனி
மழை. தகரக் கூரையில் ஒரே இரைச்சல். எப்படி எடுப்பது?

12.8.2025, செவ்வாய்
முடிந்தது! கால், கோடு, இரண்டு வட்டமும் – ஒரு பிசகு இல்லை. மாலையே அனுப்பிவிட்டாள். ஒழுங்காகச் செய்தால் எதுவும் ஒழுங்காக வரும்.

18.8.2025, திங்கள்
திருப்பி அனுப்பிவிட்டார்கள். யாரோ குறிப்புச் சொல்லும் குரல் கேட்கிறதாம். அபத்தம். உள்ளே இருந்தது நாங்கள் இருவர் மட்டும். கடிதம் எழுதிக் கேள் என்றேன். அன்பரசி செல்போனை என் காதருகே பிடித்தாள்.

இரண்டாவது வட்டத்தில், தெளிவாக: "முதுகு. நிமிரு."

என் குரல். நான் படித்த கான்வென்ட்டில் மதர் எங்களை அதட்டும் அதே தொனி.

சொன்னது எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. ரெண்டு நிமிஷம் வாயை மூடிட்டு இருக்க முடியலையே எனக்கு – ஏன்?

22ஆம் தேதிக்குள் இன்னும் ஒரே ஒரு முறை அனுப்பலாம்.

19.8.2025, செவ்வாய்
அன்பரசி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. மன்னிப்புக் கேட்கப் படியேறிப் போய், அரிசி மாவு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு இறங்கினேன்.

ராமக்காளிடம், "நீ படம் எடு. வாயைத் திறக்காதே" என்றேன்.

"நான் எங்கங்கம்மா தொறக்கறது? நீங்க இருக்கற வூட்ல எனக்கு எப்ப எடம் கெடைச்சுது?"

21.8.2025, வியாழன்
படம் எடுக்க ராமக்காள் உள்ளே போனாள். குடோன் கதவைச் சாத்தும் முன் அன்பரசியிடம், "தப்பு என்னுடையது" என்றேன். "சரிங்க ஆன்ட்டி" என்றாள். அவ்வளவுதான். இதற்கா மூன்று நாள்?

வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சக்கரச் சத்தம் மட்டும் கேட்டது. நடுவில் ஓரிடத்தில் நின்றது. எழுந்து கதவில் கை வைத்துவிட்டேன். – திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

5.9.2025, வெள்ளி
தேறிவிட்டாள். சனிக்கிழமை வகுப்புகளுக்குக் குடோன் வேண்டும் என்றாள், சாவியைக் கொடுத்தேன். தேறிய வீடியோவை எனக்கும் அனுப்பியிருக்கிறாள். இன்னும் திறக்கவில்லை. திறந்தால் ஏதாவது சொல்லிவிடுவேன்.