வாசனையுள்ள பொருட்கள்

ஷஹீமா,

உனக்கு என் சலாம். இர்விங்கில் புது வேலையும் புது வீடும் இந்த ஆறு மாதத்தில் பழகியிருக்கும்.

நீ போன வருஷம் போகலாம் என்று கேட்ட அதே சியெரா மலைக்குத்தான் நானும் ரிதாவும் வந்திருக்கிறோம். ஆஸ்பென் மரங்கள் முழுக்க மஞ்சளாகிவிட்டன. காலைக் குளிரில் விரல் மடங்கவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ரிதா இன்னும் கூடாரத்துக்குள் தூங்குகிறாள்.

நேற்று சாயங்காலம் ரேஞ்சர் வந்தார். இங்கே கரடி நடமாட்டம் உண்டு, வாசனையுள்ள எதையும் கூடாரத்தில் வைக்காமல் இரும்புப் பெட்டியில் பூட்டுங்கள் என்றார். மீன் ஊறுகாயை மூன்று கவரில் சுற்றி வைத்தேன். சோப்பு, பற்பசையையும் வைத்தேன். கடைசியாக ரிதாவின் ஸ்லீப்பிங் பேகை உதறினால், உள்ளே உன் பச்சைச் சால்வை. அத்தர் தடவிப் போர்த்திக்கொள்வாயே, அதுதான். அம்மா எங்கே என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்காத பெண், எப்போது எடுத்து வைத்தாளோ.

"இதையும் பெட்டியில வச்சிடலாம்மா" என்றேன்.

அவள் அதை வாங்கி நீளமாக முகர்ந்தாள்.

"நோ நீட், அத்தா. இதுல ஸ்மெல்லே இல்ல. இட்ஸ் கான், போயிடுச்சு."

சாதாரணமாகத்தான் சொன்னாள். நானும் முகர்ந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி.

நீ கிளம்பிய அன்றைக்கு நான் அவ்வளவு கத்தியிருக்க வேண்டாம்.

அவள் எழுந்ததும் கேட்டுவிட்டு, சால்வையை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். ஒரு வாரம் போர்த்திக்கொள். பிறகு தபாலில் அனுப்பினாலும் சரி, நீயே கொண்டுவந்தாலும் சரி.

இப்படிக்கு,
அவளுடைய அத்தா