டிப்போ சுவரில் உன் படம்

என் வாயாடி மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்ல வாய் வராத விஷயம், அதனால்தான் காகிதம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏறுவதே இல்லை, கீழே குழாயில் பிடித்து நான்தான் தூக்கி வருகிறேன். டிப்போவில் ஆறு பஸ் ரூட்டை நிறுத்திவிட்டார்கள், எங்கள் ஷெட்டில் பாதிப் பேர் இப்போது கான்ட்ராக்ட், என்னையும் பிரேக் வேலையிலிருந்து டயர் பக்கம் தள்ளிவிட்டார்கள். கோபம் வரவில்லை. எனக்கு எதற்கெடுத்தாலும் மூக்குக்கு மேல் கோபம் வரும், உனக்குத் தெரியாததா, இப்போது அது எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. உட்காரச் சொன்னால் உட்காருகிறேன், சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறேன்.

தேர்தல் வருகிறது. மூன்று மாதத்துக்கு முன்னால் புதுக் கட்சிக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். மற்றவர்கள் மாதிரி பல்லைக் காட்டி நோட்டீஸை நீட்டிவிட்டு ஓடவில்லை. உட்கார்ந்து நோட்டைத் திறந்து, அப்பா, உங்க வீட்ல என்ன குறை, சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன் என்றார். முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்ததில் ஒருத்தரும் என்னிடம் கேட்காத கேள்வி. தண்ணீரைச் சொன்னேன், ரூட்டைச் சொன்னேன். பிள்ளைங்க எங்கப்பா இருக்காங்க என்று கேட்டார். அங்கேதான் நான் வாயை விட்டேன். டிப்போ டிக்கெட் கவுண்டரில் என் மகளுக்கு வர வேண்டிய வேலையை வெளியிலிருந்து வந்தவளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள், அதனால்தான் அவள் கண்காணாத தேசத்துக்குப் போய்விட்டாள் என்று சொல்லிவிட்டேன். நடந்தது உனக்கும் எனக்கும் தெரியும். ஆர்டர் உன் பேருக்குத்தான் வந்தது. நீ வேண்டாம் என்றாய், நான் நாற்பது நாள் உன்னோடு பேசவில்லை, நீ பெட்டியைக் கட்டினாய். நீ போனதற்குக் காரணம் நான்தான் கண்ணு. அதை அக்கம்பக்கத்தில் சொல்ல முடியுமா, கேட்டவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைத்தான் சொல்லி வைத்திருந்தேன், அவரிடமும் அதுவே வந்துவிட்டது.

அப்புறம் மார்க்கெட் மைதானத்தில் புதுக் கட்சியின் கூட்டம், அவர்கள் தலைவரே பேச வந்தார். பழைய கட்சிக்காரர் அதே இடத்தில் முந்தின வாரம் காகிதத்தைப் பார்த்து வளர்ச்சி இத்தனை சதவீதம் என்று வாசித்தார், எங்களுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. இந்தத் தலைவர் கையில் காகிதமே இல்லை. குழாயைத் திறந்தா காத்துதான் வருது, ஸ்டாப்புல நின்னா வெயில்தான் வருது என்றார், எல்லோரும் சிரித்தோம். அவங்க நம்மள மறந்துட்டாங்க என்றார். அவங்க யார் என்று சொல்லவே இல்லை. எனக்கு ஷெட் மேனேஜர் ஞாபகம் வந்தார், மாடி வீட்டுக்காரருக்குத் தண்ணீர் ஆபீஸ்காரர்கள், ஆளாளுக்கு ஒருத்தரை நாங்களே நினைத்துக்கொண்டோம். பிறகு குரலைத் தாழ்த்தி, இந்த ஊர்ல ஒரு அப்பா இருக்காரு என்று ஆரம்பித்தார். நான் சொன்னது அப்படியே, ஒரு வார்த்தை பிசகாமல். என் பின்னால் யாரோ அழுதார்கள். அந்தப் பொண்ணோட நாற்காலியில இன்னைக்கு உக்காந்திருக்கிறது யாரு என்று கேட்டார் பார், அத்தோடு அவர் சொன்ன அவங்களுக்கு ஒரு முகம் வந்துவிட்டது. நானும் கை தட்டினேன். அந்த நிமிஷத்தில் நானே அதை நம்பினேன்.

கட்சிக்காரர்கள் உன் படம் கேட்டார்கள், கொடுத்தேன், உன் அத்தை மகள் கல்யாணத்தில் எடுத்தது. இப்போது டிப்போ சுவர் முழுக்க நீதான். உன் சிரிப்பை மட்டும் என்னவோ செய்து அழித்துவிட்டார்கள். அம்மா சுவர் முன்னால் நின்று, என் பொண்ணு சிரிச்சுட்டுல்ல இருந்தா என்றாள், அவ்வளவுதான் சொன்னாள். அதிலிருந்து கடைக்குப் பின் தெரு வழியாகச் சுற்றித்தான் போகிறாள்.

கவுண்டரில் இருந்த பெண்ணை நீ பார்த்ததில்லை. மூக்குக்கண்ணாடி போட்ட, ஒல்லியான பெண், உன் வயதுதான் இருக்கும். டிக்கெட் வாங்க வருகிறவர்களே எழுந்திரு, எழுந்திரு என்று கத்த ஆரம்பித்தார்கள். அவள் ஜன்னல் கண்ணாடியிலேயே உன் படத்தை ஒட்டினார்கள். ஒரு நாள் டயர் பக்கம் என்னைத் தேடி வந்து, ஐயா, அது உங்க பொண்ணாமே, நான் யாரோட வேலையையும் பிடுங்கலைங்க, காலியா இருக்குன்னுதான் சொன்னாங்க என்றாள். நான் போல்ட்டை முடுக்கிக்கொண்டே இருந்தேன், அது ஏற்கெனவே முடுக்கியாகிவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து அவள் வரவில்லை. ராத்திரி தூக்கம் வராது என்று நினைத்தேன், நன்றாகத் தூங்கினேன். டீக்கடையில் எனக்கு எழுந்து இடம் கொடுக்கிறார்கள், ஊரே அப்பா என்கிறது. என்னமோ போ.

நேற்று, நோட்டில் குறை எழுதிக்கொண்டு போன அந்தக் கட்சிக்காரர் மறுபடி வந்தார். நான்கு வருஷம் கழித்து மகள் அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி வருகிறாள் என்று அம்மா வாயெல்லாம் பல்லாகச் சொல்லிவிட்டாள். அவர் போகும்போது என்னைப் படி வரைக்கும் கூட்டிப் போய், தங்கச்சி வர்றது ரொம்ப சந்தோஷம்ப்பா, ஆனா பதினெட்டாந்தேதி ஓட்டு, அவங்க வந்து இறங்கி, யாராவது எதையாவது கேட்டு, அவங்க எதையாவது சொல்லிட்டா நல்லாவா இருக்கும், அதுக்கப்புறம் வரச் சொல்லுங்களேன் என்றார். மிரட்டவில்லை, தோளில் கை போட்டுத்தான் சொன்னார். முடியாது என்று சொன்னால் ஊர் முன்னால் நான் பொய்யன். சரி என்றேன்.

அதனால் டிக்கெட்டை மாற்றிக்கொள். லீவு கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் நீயே போன் பண்ணிச் சொல்லிவிடு. உன் கட்டிலுக்கு விரிப்பெல்லாம் துவைத்துப் போட்டுவிட்டாள், அழுவாள், நான் பார்த்துக்கொள்கிறேன். நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், நோய்நொடி இல்லாமல் நூறு வயது இரு. வெளியே போனால் காதை மூடிக்கொண்டு போ. வர வேண்டாம் என்று சொன்னது நான்தான் என்று மட்டும் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா