கண்ணால் காணாதது

14 நவம்பர் 1985, வியாழன். டார்ம்ஸ்டாட்.

இன்று என் அகதி மனுவை விசாரித்தார்கள். கெடுத்தது வேறு யாருமில்லை, நான்தான்.

83 கலவரத்தில் கொழும்பில் எங்கள் வீடு எரிந்தபோது இராணுவம் பார்த்துக்கொண்டு நின்றதா என்று ஜெர்மன் அதிகாரி கேட்டார். அரசும் இதற்கு உடந்தை என்று காட்ட, ஓம் என்று ஒரு சொல் போதும். நானோ, "நான் காணேல்லை. ஒளிச்சிருந்தனான். நிண்டது எண்டு பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும்" என்றேன். சட்டமா அதிபர் திணைக்களத்தில் அரச தரப்புக்கு வழக்காடியே நரைத்தவன். கேள்விப்பட்டதைச் சாட்சி சொல்ல வந்தவர்களை எத்தனை முறை எழுந்து மறித்திருப்பேன்! அந்த வாய் இன்று என்னையே மறித்துவிட்டது.

அதோடு நின்றேனா? "அவர் சொன்னதுக்கும் அத்தாட்சி இல்லை" என்று வேறு சேர்த்தேன்.

மொழிபெயர்க்க வந்த யாழ்ப்பாணத்துப் பொடியன் திகைத்துப்போனான். "அண்ணை, இதையும் சொல்லட்டோ?"

"சொல்லுங்கோ."

சொன்னான். அதிகாரி தலையாட்டிவிட்டு, மனுதாரர் எதையும் நேரில் காணவில்லை என்று பதிவு செய்யச் சொன்னார். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

விடுதிக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அங்கை இருக்கேக்கை அரசாங்கத்துக்காக வழக்காடினியள். சரி, அது உங்கடை உத்தியோகம். இஞ்சை வந்தும் அவங்களுக்காகத்தானே வழக்காடிப்போட்டு வந்து நிக்கிறியள்!"