கதவடியில் நின்ற பாடகர்

அறுந்திருக்கவில்லை, பெரியப்பா. அலுமாரியின் மேல்தட்டில், உங்கள் பனிச் சப்பாத்துகளுக்குப் பின்னால், பிஸ்கற் தகரத்துக்குள் ஒலிநாடாச் சுருள் முழுதாகவே இருந்தது. திறந்ததும் வினாகிரி மணம். அருள் மாமா எத்தனை தடவை கேட்டிருப்பார். "அது அப்பவே அறுந்துபோச்சடா" என்பீர்கள். உடனே தேத்தண்ணி போட எழும்பிவிடுவீர்கள்.

யாழ்ப்பாணத்தில் முதன்முதலில் மின்கிற்றார் வைத்துப் பாடிய குழு நீங்கள் நால்வரும்தான் என்று அவர் சொல்வார். உண்மையோ தெரியாது. பிறகு நடந்தது தெரியும். டிரம்ஸ் அடித்தவர் கொழும்பில் மருந்துக்கடை வைத்தார், அங்கேயே இறந்தார். லீட் கிற்றார்காரர் ஒஸ்லோவில் கார் ஓட்டப் பழக்குகிறார். பேஸ் வாசித்த நீங்கள் இங்கே சென்ட் லோரன்டில், ஓய்வு பெறும்வரை, ஒரு தொழிற்சாலையில் மாத்திரைப் போத்தல்களுக்கு மூடி போட்டீர்கள். பாடகர் அருள் மாமா ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் டெப்பனர் என்ற மூலைக்கடை நடத்தினார். பால், சிகரெட், லொத்தர்.

சனிக்கிழமைகளில் உங்கள் குசினியில் ஒரே சண்டை.

"நீ பேஸ் வாசிச்சது ஒருத்தருக்கும் கேக்கேல்லை, மச்சான்."

"நீ பாடினது எல்லாருக்கும் கேட்டது. அதுதான் பிரச்சினை."

போன வருடம் அவருக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை. இப்போது வெறும் காற்றாகத்தான் கதைக்கிறார். உங்கள் செத்தவீட்டில் என் கையைப் பிடித்தார். "என்ரை குரலை ஒருக்காக் கேக்கோணும், பிள்ளை. அறுந்த துண்டெண்டாலும் தேடிப் பார்."

தேடினேன். ஒரு தோழி அதைக் கைபேசிக்கு மாற்றித் தந்தாள். ஒரே ஒரு பாட்டு. பாடுவது நீங்கள்.

எப்படி நடந்தது என்பது நீங்கள் முன்பு சொன்னதிலேயே இருக்கிறது. ஒரு அறை, ஒரு மைக். சத்தம் கூடியவர்கள் தள்ளி நிற்க வேண்டும். டிரம்ஸ் விறாந்தையில், அருள் மாமா கதவடியில். பேஸ் வாசித்தபடி துணைக்கு மட்டும் பாடிய நீங்கள் மைக்குக்குப் பக்கத்தில். தூரத்தைப் பிழையாகக் கணித்துவிட்டீர்கள். நாடாவில் பாடகர் இல்லாத மாதிரி. அதைக் கேட்டுவிட்டுத்தான் தகரத்தை மூடியிருக்கிறீர்கள்.

அறுந்துதான் போயிற்று என்று நானும் சொல்லிவிட நினைத்தேன். இரண்டு நாள் அந்தப் பொய்யைப் பழகிப் பார்த்தேன். உங்களுக்கு அது வசதியாக இருந்திருக்கிறது. எனக்கு இருக்கவில்லை. மூன்றாம் நாள் மஞ்சள் தட மெத்ரோ ரயிலில் ஆற்றைக் கடந்து அவர் வீட்டுக்குப் போனேன்.

அருள் மாமா ஹெட்போனை மாட்டி முழுதும் கேட்டார்.

"இது அவன்."

"ஓம், மாமா."

"கள்ளன். இவ்வளவு வடிவாப் பாடுவனெண்டு ஒருநாளும் காட்டிக்கொள்ளேல்லை." ஹெட்போனைக் காதோடு அழுத்தினார். "அப்ப நான் எங்கை, பிள்ளை?"

பாட்டின் கடைசியில் நீங்கள் மூச்சு வாங்கும் இடத்தில், கதவடியிலிருந்து ஒரு கூவல் வருகிறது. இளசான, பயமில்லாத குரல். நான்கு விநாடி. அந்த நேரத்தில் உங்களில் வேறு யாருடைய சத்தமும் கேட்பதில்லை.

அந்த இடத்துக்கு நகர்த்தி, சத்தத்தைக் கூட்டி, திரும்பத் திரும்பப் போகும்படி விட்டுவிட்டுத் தேத்தண்ணிக்குத் தண்ணியை அடுப்பில் வைத்தேன்.