இரண்டு வாக்குக்கு ஒரே கை

வர்ணா, அக்டோபர் 3, 2024

அன்புள்ள ஓக்னியன்,

இங்கே வர்ணாவில் அக்காவுக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மாதக் கடைசி வரை அவளோடு இருக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை நம் குடியிருப்புக் கூட்டத்துக்கு என்னால் வர முடியாது. என் வாக்கையும் நீயே போட உன் பெயருக்கு அதிகாரக் கடிதம் எழுதிக் கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். ஆதரவா எதிர்ப்பா என்று அதில் குறிக்கவில்லை. உனக்குத் தெரியாததா?

என் கார் நிற்கும் இடத்தில், என் செலவில், ஒரு சார்ஜர். அவ்வளவுதான் கேட்கிறேன். டிசம்பரிலிருந்து புகை அதிகம் என்று என் பழைய டீசல் காரை நகர மையத்துக்குள் விடமாட்டார்கள். என் அலுவலகமோ அங்கே. கூட்டம் ஒத்துக்கொண்டால் மின்சாரக் காரை வாங்குவேன். இல்லையென்றால் வேண்டாம். சார்ஜர் தேடிச் சோபியா முழுக்க அலையும் வயதில்லை.

தீப்பிடிக்கும் என்று யாராவது ஆரம்பித்தால், செப்டம்பர் முழுக்கப் பால்கனிகளில் மின் அடுப்பு வைத்துக் குடைமிளகாய் சுட்டு ஃபியூஸைப் போக்கியது யார் என்று கேள்.

ருமியானாவுக்கு என் அன்பு.

உன்
ஸ்வெத்லின்

*

சோபியா, அக்டோபர் 13

அருமை ஸ்வெத்லின்,

தோற்றுவிட்டதடா. எவ்வளவோ பேசிப் பார்த்தேன். மேல்மாடிக்காரர்களைத்தான் உனக்குத் தெரியுமே. மனதைத் தளர விடாதே. இந்த வருஷம் வீட்டில் காய்ச்சிய ரக்கியா பிரமாதம். உனக்கென்று ஒரு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஓக்னியன்

*

வர்ணா, அக்டோபர் 18

ஓக்னியன்,

யார் யார் எதிர்த்தார்கள் என்று குடியிருப்பு நிர்வாகி த்ஸ்வெதானாவிடம் போனில் கேட்டேன். சிரித்தாள். "உங்க வாக்கும் எதிராத்தானே விழுந்துச்சு? அது ஒண்ணு மாறியிருந்தாலே ஜெயிச்சிருப்பீங்களே" என்றாள்.

அவள் கணக்குத் தவறு என்று நீ எழுதுவாய் என நம்புகிறேன்.

ஸ்வெத்லின்

*

சோபியா, அக்டோபர் 22

ஸ்வெத்லின்,

தவறில்லை.

உன் கார் நிற்கும் இடத்துக்கு நேர் மேலேதான் எங்கள் படுக்கையறை. ராத்திரி கீழே சார்ஜர் தீப்பிடித்துவிடுமோ என்று ருமியானாவுக்கு ஒரே பயம். "நீ ஆதரவா கை தூக்கினா நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள் ருமியானா. என் வாக்கை எதிராகவும் உன் வாக்கை ஆதரவாகவும் போடத்தான் போனேன், சத்தியமாக. எதிர்ப்புக்குக் கை தூக்கியதும் த்ஸ்வெதானா, "ரெண்டு வாக்குக்கும் சேர்த்தா?" என்றாள். ருமியானா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்றுவிட்டேன்.

நீ தனி ஆள். அவளோடு தினமும் குடும்பம் நடத்துகிறவன் நான். வா, உட்கார்ந்து பேசலாம்.

ஓக்னியன்

*

வர்ணா, அக்டோபர் 29

ஓக்னியன்,

நான் பார்த்து வைத்திருந்த மின்சாரக் காரை வேறு யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அது போகட்டும். "என்னால முடியாதுடா" என்று முன்பே சொல்லியிருந்தால், நாலு நாள் திட்டிவிட்டு ஐந்தாம் நாள் உன் கதவைத் தட்டியிருப்பேன். என்னை வைத்தே என்னைத் தோற்கடித்துவிட்டு, மேல்மாடிக்காரர்கள் என்று எழுதினாய். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

வீட்டை விற்கிறேன். அலுவலகத்துக்கு நடந்து போகும் தூரத்தில் ஓர் அறை கிடைத்திருக்கிறது. உன்னிடம் இருக்கும் என் வீட்டுச் சாவியை த்ஸ்வெதானாவிடம் கொடுத்துவிடு. வாங்குகிறவருக்கு அவள் திறந்து காட்டுவாள். அவரிடம் இருப்பது டீசல் கார். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவருக்கு விற்கச் சரி என்றேன்.

ருமியானா நிம்மதியாகத் தூங்கட்டும்.

ஸ்வெத்லின் கராஜோவ்