தீட்டுக்கல்லும் பக்கத்து வீட்டுத் தச்சரும்

அன்பு மனைவிக்கு,

நான் சௌக்கியம். நீயும் அம்மாவும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

கத்தி தீட்டித் தீட்டிக் குழிவிழுந்த என் கல்லைப் பக்கத்து வீட்டுத் தச்சர் வந்து சமன்செய்தார், நீ தண்ணீர் ஊற்றினாய் என்று எழுதியிருந்தாய். ஒரு பக்கக் கடிதத்தில் அவர் நாலு இடத்தில் வருகிறார். நான் ஒரே இடத்தில். அதே நினைப்பில் நேற்றுப் பட்டறையில் உளி தீட்டும்போது விரலில் லேசான கீறல். பயப்படாதே.

“என்னய்யா, வீட்டு ஞாபகமா?” என்றார் மேஸ்திரி.

“கல்லு ஞாபகம்ங்க” என்றேன்.

இனிக் குழி விழுந்தால் நீயே செய். கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாளை நனைத்து ஒட்டு. கல்லில் பென்சிலால் கோடுகள் போட்டு, அவை அழியும்வரை அந்தத் தாளின்மேல் தேய். கை வலித்தால் விட்டுவிடு, அவரைக் கூப்பிடாதே.

உன் போட்டோ ஒன்று அனுப்பு. அம்மாவை எடுக்கச் சொல், படம் ஆடியிருந்தாலும் பரவாயில்லை.

பட்டறைக்குப் போக வேன் வந்துவிட்டது.

உன் புருஷன்